பதினேழாவது படத்தில் நின்ற இஸ்ஃபஹான்

சந்தியோகு அண்ணையின் வாயை அடைத்தவர்கள் நாங்கள்தான். லண்டனின் இல்ஃபோர்டில், எங்கள் கத்தோலிக்கப் பங்கு மண்டபத்தில், ஒரு ஞாயிறு பின்னேரம் அவர் எண்பது ஸ்லைட் படங்களைக் காட்ட எழுந்து நின்றார். பதினேழாவது படத்தில் விளக்கைப் போட்டு அவரை இருத்தினோம். அதன் பிறகு இரண்டு வருடங்கள் உயிரோடு இருந்தார். மிச்சம் அறுபத்து மூன்றையும் காட்ட விடவில்லை. இதை வாசிக்கும் உங்களில் பாதிப் பேராவது அன்று அந்த மண்டபத்தில் இருந்தீர்கள். ஆகவே ‘நாங்கள்’ என்று நான் எழுதும்போது யாரும் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. நான் வேலை செய்யும் வீட்டு வசதி ஆலோசனை நிலையத்தில் அப்போதுதான் கதவைத் திறந்திருந்தோம். கவுன்சில் கடிதங்களைக் கையில் பிடித்தபடி ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். தொலைபேசியில் அவருடைய மனைவி றோசா அக்கா. அழவில்லை.

“தம்பி, அவர் எங்களை விட்டிட்டுப் போட்டார். குட்மேய்ஸ் ஸ்டேசனில வேலைக்குப் போக ட்ரெயினுக்கு நிண்டவர். அங்கை வாங்கில சாஞ்சு இருந்திருக்கிறார். பிறகு எழும்பேல்ல. ஹாட் அற்றாக் எண்டு சொல்லுகினம்.”

அவரே தொடர்ந்தார்.

“உன்னட்டை இருக்கிற அந்தப் படத்தட்டு... அதைப் பத்திரமா வச்சிரு. ஒருத்தரிட்டையும் குடுத்திடாதை.”

கணவன் இறந்து இரண்டு மணித்தியாலம் ஆகவில்லை. அந்த நேரத்தில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டின் நினைவு வருகிறது என்றால், அந்த வீட்டில் அது எவ்வளவு பெரிய விசயமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் அன்றுவரை யோசித்ததில்லை. தட்டு என் அலுமாரியின் மேல், பழைய சப்பாத்துப் பெட்டிக்குக் கீழே கிடந்தது.

அடக்கத்தன்று எல்லோரும் பேசினீர்கள். “ஒருத்தரோடையும் கொழுவலுக்குப் போகாத மனிசன்” என்றார் ஒருவர். “தானுண்டு தன் வேலையுண்டு” என்றார் இன்னொருவர். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அவர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு கொழுவலுக்கு, ஒரே ஒரு சண்டைக்குப் போக ஆசைப்பட்டார். ஆறு வருடம் அதற்குத் தன்னைத் தயார்ப்படுத்தினார். அந்தக் கொழுவலை நாங்கள் தொடங்கவிடவில்லை. தொடங்கவிடாமல் வைத்துவிட்டு, இப்போது அவரைச் சாதுவானவர் என்று சொல்லிப் புதைத்தோம்.

அவரை நான் சந்தித்தது 1991இல், மத்திய லண்டனில் உள்ள ஒரு பெரிய அருங்காட்சியகத்தில். இருவருக்கும் அறைக் காவலர் வேலை. சீருடை போட்டுக்கொண்டு காலை தொடக்கம் மாலை வரை ஒரே அறையில் நிற்க வேண்டும். கேள்வி கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: கழிப்பறை எந்தப் பக்கம்? நான் இரண்டு வருடம் நின்றேன். அந்த இரண்டு வருடத்தில் ஒரு வெள்ளைக்காரர்கூட எங்கள் முகத்தைப் பார்த்து வேறொரு கேள்வி கேட்டதாக ஞாபகம் இல்லை. மற்றவர்களின் நாடுகளிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து அடுக்கிய பொருட்களுக்கு, மற்ற நாடுகளிலிருந்து ஓடிவந்த நாங்கள் காவல். நான் இதைச் சொல்லிக் கொதிப்பேன். அண்ணை கொதிக்க மாட்டார். அது எனக்கு இன்னும் கொதிப்பைக் கூட்டும்.

அவருக்குக் கிடைத்தது பாரசீக அறை. அங்கே ஒரு சுவர் முழுவதும் இஸ்ஃபஹான் நகரத்து வண்ண ஓடுகள்: நீலம், மஞ்சள், வெள்ளை, ஓட்டுக்கு ஓடு தாவிப் படர்ந்து போகும் ஒரு பூங்கொடி. அவர் அதன் எதிரே நின்றார். மற்றக் காவலர்கள் நின்றபடி தூங்கப் பழகியிருந்தார்கள். இவர் அந்தக் கொடியைக் கண்ணால் பிடித்துக்கொண்டு வேரிலிருந்து நுனி வரை போவார், திரும்பி வருவார். ஒரு வருடம் இப்படிப் போய்வந்த பிறகு ஒருநாள் தேத்தண்ணி இடைவேளையில் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

“மேலையிருந்து மூண்டாவது வரியைப் பார். கொடி முறியுது.”

“எனக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கு அண்ணை.”

“ரெண்டு ஓடு இடம் மாறிப் பூட்டியிருக்கு. ஒரு கொடியைப் பிடிச்சுக்கொண்டு போனா, அது எங்கை முறியுதோ அங்கைதான் பிழை நடந்திருக்கு.”

மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். பதில் இல்லை. நான் சிரித்தேன்: “ஒரு காவல்காரன் சொல்லி அவங்கள் கேக்கவோ? விடுங்கோ.” அவர் மூன்றாவது முறையும் எழுதினார். கடைசியில் ஒரு இளம் அதிகாரி வந்து ஏணி வைத்துப் பார்த்தாள், முகம் சிவந்தாள், போனாள். அடுத்த முறை அறையைப் பூட்டித் திருத்த வேலை செய்தபோது இரண்டு ஓடுகளும் இடம் மாற்றப்பட்டிருந்தன. அவருக்கு ஒரு நன்றிக் கடிதம்? அதுவும் இல்லை. “கொடி பொருந்தியிட்டுது, காணும்” என்றார். எனக்குக் காணாது, போதாது. இன்றைக்கும் காணாது.

அந்த அறைக்கு மாதமொரு முறை ஒரு ஈரானியர் வருவார். இஸ்ஃபஹானில் பல் வைத்தியராக இருந்தவர், லண்டனில் மினிகாப், வாடகைக் கார், ஓட்டினார். அவர்தான் அண்ணைக்கு விசர் பிடிக்க வைத்தவர். இந்த ஓடுகள் ஒரு முழு நகரத்தின் ஒரு துண்டு மட்டுமே என்று சொல்லிச் சொல்லி, பெயர்களை அவர் காதில் போட்டார். பெரிய சதுக்கம். மினாரே இல்லாத ஒரு சிறிய மசூதி. முப்பத்து மூன்று வளைவுகள் கொண்ட பாலம். இன்னொரு பாலத்தின் அடியில் பின்னேரங்களில் ஆண்கள் சும்மா வந்து நின்று பாடுவார்களாம், வளைவு அந்தக் குரலைத் திருப்பித் தருமாம். அண்ணை எல்லாவற்றையும் ஒரு சிவப்புக் கொப்பியில் எழுதினார்.

“ஊரில ஷெல் விழுது, நீங்கள் இஞ்சை நிண்டு ஓடு பாக்கிறியள்” என்று நான் ஒருநாள் வாய்விட்டே சொன்னேன்.

“ஷெல் விழுறதை நிப்பாட்ட எனக்கு ஏலாது” என்றார். “ஓட்டை ஒழுங்காப் பாக்க ஏலும்.”

அவரோடு தெருவில் நடப்பது ஒரு தண்டனை. குட்மேய்ஸ் ஸ்டேசனிலிருந்து அவர் வீடு ஏழு நிமிட நடை. அவரோடு போனால் அரை மணி. ஒரு கதவின் வர்ணம், ஒரு மதிலில் செங்கல் அடுக்கிய விதம், எதற்கும் நின்றுவிடுவார். மழை பெய்தாலும் நிற்பார். “அண்ணை, கெதியா வாங்கோ” என்பது நான் அவரிடம் ஆகக்கூடச் சொன்ன வசனமாக இருக்க வேண்டும்.

1996இல் அவர் இஸ்ஃபஹானுக்குப் போகிறார் என்ற செய்தி பங்கில் பரவியபோது நடந்த கூத்து உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வருடாவருடம் நாங்கள் கோச் பஸ் பிடித்து, பிரான்சில் இருக்கும் லூர்து மாதாவிடம் போகிறவர்கள். அந்தக் கோச்சை ஒழுங்கு செய்பவர் பேணாட் அண்ணை. மண்டபக் கமிட்டித் தலைவரும் அவர்தான். பூசை முடிந்து வாசலில் வைத்துக் கேட்டார்.

“என்ன சந்தியோகு அண்ணை, மாதாவிட்டை வர லீவு இல்லையாம், ஈரானுக்குப் போக லீவு இருக்காம்?”

“மாதா கோவிக்க மாட்டா, பேணாட்.”

“தொப்பி ஒண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ, வரேக்க போட்டுக்கொண்டு வரலாம்.”

எல்லோரும் சிரித்தோம். அண்ணையும் சிரித்தார். விசாவுக்கு ஏழு மாதம் அலைந்து, வயதான ஆங்கிலேயர்கள் பத்துப் பேரோடு ஒரு சுற்றுலாக் குழுவில் சேர்ந்து போனார். அந்தப் பத்துப் பேரும் மதியத்தில் ஹோட்டலில் படுத்திருந்தபோது இவர் மட்டும் கமராவோடு நடந்திருக்கிறார். திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் அந்தப் பத்துப் பேரையும் புன்னகையோடு விட்டார்கள். இவரை மட்டும் ஒரு அறையில் இருத்தி இரண்டரை மணித்தியாலம் விசாரித்தார்கள். கையில் இருந்தது அதே பிரித்தானியக் கடவுச்சீட்டு. பிறந்த இடம் மட்டும் மன்னார்.

“ஏன் ஈரானுக்குப் போனனீ எண்டு கேட்டான். பாலம் பாக்க எண்டன். என்ன பாலம் எண்டான். படம் கீறிக் காட்டினன். முப்பத்து மூண்டு வளைவையும் கீறினன்.”

“முப்பத்து மூண்டையுமோ?”

“பத்தோட நிப்பாட்டினா நம்பமாட்டான்.”

படங்களைத் தட்டில் அடுக்க நான் உதவினேன். உதவினேன் என்பது பெரிய வார்த்தை. அவருடைய குசினி மேசையில் இருந்து மூன்று மணி நேரம் வாதாடினேன். எண்பது குழிகள் உள்ள வட்டத் தட்டு. எண்பதும் வேண்டாம், நல்லதாக முப்பது போதும் என்றேன். கேட்கவில்லை. மசூதிகள் எல்லாம் தொடக்கத்திலேயே வருகின்றன, சனம் எழும்பிப் போய்விடும், ஆட்கள் உள்ள படங்களை முன்னுக்கு எடுப்போம் என்றேன். கேட்கவில்லை.

“நான் நடந்த ஒழுங்கிலதான் காட்டுவன். சதுக்கத்தில துவங்கினன், பாலத்தால ஆத்தைக் கடந்தன், அந்தப் பக்கம் போனன். சனமும் என்னோட நடக்கட்டும்.”

எண்பதாவது குழியில் ஒரு படத்தை அவரே செருகினார். என்னை எடுத்துப் பார்க்க விடவில்லை.

“இது கடைசி. இதில ஒரு விசயம் சொல்லோணும். அதுக்குத்தான் மற்ற எழுபத்தொன்பதும்.”

“என்ன விசயம்?”

“எங்கட தீவில இருந்து கலைச்ச சனத்தைப் பற்றி.”

1990இல் மன்னாரிலிருந்தும் வடக்கின் மற்ற ஊர்களிலிருந்தும் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதை அவர் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது. ஆயுதம் வைத்திருந்தவர்கள் தமிழர் என்ற எங்கள் பெயரால் அதைச் செய்தார்கள். பிறந்த வீட்டையும் கிணற்றையும் விட்டுவிட்டு, கையில் கொண்டுபோகக்கூடியதோடு அந்தச் சனம் போனது. ஆறு வருடமாக எங்கள் மண்டபத்தில் எத்தனை கூட்டம் வைத்திருப்போம். எங்களுக்கு நடந்தது எல்லாவற்றையும் பேசினோம். இதைப் பற்றி ஒருவர் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேனா? வெள்ளைக்காரனின் திருட்டைப் பற்றி வாரக்கணக்கில் பேசக்கூடியவன், இதில் ஊமை.

“சொல்லப் போறதெண்டா எழும்பி நேராச் சொல்லுங்கோவன். பிறகேன் எழுபத்தொன்பது படம்?”

“வெறுங்கையோட போய்ச் சொன்னா அடிக்க வருவினம். முதல்ல ஒரு வடிவான ஊரைக் காட்டிப்போட்டுச் சொன்னா, இருந்து கேப்பினம்.”

அவர் எங்களை நம்பினார். அவர் செய்த பெரிய பிழை அது.

அந்த ஞாயிறு. கதிரைகள் நிறைந்திருந்தன. பின்னால் மேசையில் சாப்பாட்டுத் தட்டங்கள் ஈயத்தாளால் மூடியிருந்தன, மீன் கட்லட் வாசம் மண்டபம் முழுக்க. நான் புரொஜெக்டரோடு நின்றேன். அண்ணை வேட்டி கட்டவில்லை, கோட் போட்டு வந்திருந்தார். முதல் படம் சதுக்கம். ஒரு ஊரையே உள்ளே வைக்கலாம் போன்ற வெளி, சுற்றிவர இரண்டு அடுக்கு வளைவுகள், நடுவில் தண்ணீர். நாலு நிமிடம் அந்தப் படத்திலேயே நின்றார். அருங்காட்சியகத்தில் ஐந்து வருடம் நின்ற மனிதருக்கு நாலு நிமிடம் ஒன்றுமில்லை. மண்டபத்துக்கு அது நாலு மணித்தியாலம்.

அடுத்தது மினாரில்லாத மசூதி. அதன் கூரைக் கும்பம் பால்தேத்தண்ணி நிறம். உள்ளே அண்ணாந்து எடுத்த படத்தில், கும்பத்தின் நடுவிலிருந்து வெளிச்சம் ஒரு மயில் தோகை மாதிரி கீழ்நோக்கி விரிந்திருந்தது. “இந்தத் தோகை ஓட்டில இல்லை, வெயிலில இருக்கு” என்றார். “ஒரு மணி நேரம் நிண்டன். அது நகருது.” யாரோ ஒருவர் “ஒரு மணி நேரமோ, கடவுளே” என்றது எனக்குக் கேட்டது. பிறகு ஒரு மாளிகை. முன்மண்டபத்தில் இருபது மரத்தூண்கள், எதிரே நீளமான தடாகம். தண்ணீரில் தெரியும் நிழலையும் சேர்த்து அதற்கு நாற்பது தூண் மாளிகை என்று பெயர்.

“பாதி பொய்” என்றார் அண்ணை. “எண்டாலும் முந்நூறு வருசமா ஒருத்தரும் கோவிக்கேல்ல.”

அதற்கு மட்டும் சிரித்தார்கள். பிறகு கேள்விகள் தொடங்கின.

“அண்ணை, பிஸ்தா அங்கை மலிவோ?”

“கம்பளம் ஒண்டும் கொண்டரேல்லையோ?”

“உங்கட படம் ஒண்டும் இல்லையே! நீங்கள் முன்னுக்கு நிக்கிற படம்?”

எங்கள் வீடுகளில் எல்லாக் கோபுரத்துக்கும் அருவிக்கும் முன்னால் ஆட்கள் குளிர்கோட்டோடு விறைத்து நிற்பார்கள். பின்னால் இருப்பது எது என்பது முக்கியமில்லை. அண்ணை கேட்டவரை நிதானமாகப் பார்த்தார்.

“நான் அங்கை போனது என்னைப் பாக்கவோ?”

பாலம் வந்தது. பதினான்கு, பதினைந்து, பதினாறு, மூன்றும் அதே பாலம். முதலாவதில் காலை, அடுத்ததில் மத்தியானம், அதற்கடுத்ததில் மாலை. கதிரைகள் கிறீச்சிடத் தொடங்கின. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, “அண்ணை, கெதியா” என்று முணுமுணுத்தேன். “இப்ப ஆத்தைக் கடக்கிறம்” என்று சபைக்குச் சொன்னார். பட்டனை அமத்தினேன். பதினேழு.

மண்ணிறச் செங்கல். மேலே கூரான கும்பம். கீழே கூரான வளைவு. அண்ணையின் முகத்தில் ஒரு குறும்பு வந்தது.

“இது என்ன எண்டு சொல்லுங்கோ பாப்பம்?”

“வேறை என்ன, பதினேழாவது மசூதி!” என்றது பின்வரிசை. மண்டபம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் பேணாட் அண்ணை எழுந்தார். சுவரோரம் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில்தான் சுவிட்ச். குழாய் விளக்குகள் ஒவ்வொன்றாகத் துடித்து எரிந்தன.

“அண்ணை, குறை நினைக்காதேங்கோ, சனம் பசியோட இருக்கு. மசூதி பாத்தது காணும். மிச்சத்தைப் பிறகொரு நாளைக்குப் பாப்பம்.”

“பேணாட், ஒரு படம். இன்னும் ஒரே ஒரு படம்.”

அதற்குள் கதிரைகள் திரும்பிவிட்டன. ஈயத்தாள் உரிக்கும் சத்தம். நான் என்ன செய்தேன்? அவர் பக்கத்தில் நின்றேனா? விளக்கை அணையுங்கோ என்று கத்தினேனா? குனிந்து, புரொஜெக்டரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். எனக்கும் பசி. எனக்கும் வெட்கமாக இருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்:

“ஃபான் நிக்கமுதல் கழட்டக்கூடாது தம்பி. பல்ப் போயிடும்.”

பல்ப் போய்விட்டது.

பேணாட் அண்ணை கெட்டவர் அல்ல. அதுதான் இதில் உள்ள எரிச்சல். அண்ணை இறந்த வாரம் முழுவதும் அந்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோனவர் அவர். கடைசிப் படத்தில் என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். தெரியாமலே, பார்க்காமலே, சரியாக அந்த இடத்தில் விளக்கைப் போட எங்களுக்கு வருகிறதே. ஆளுக்கு ஆள் சொல்லிக் கொடுத்தா பழகினோம்?

பிறகு அண்ணை மண்டபம் கேட்டார். திருநாள் முடியட்டும் என்றார்கள். நத்தார்ப் பண்டிகை முடியட்டும் என்றார்கள். பெயின்ற் அடிக்கிறோம் என்றார்கள். ஒவ்வொரு முறையும் “சரி, அப்ப பிறகு பாப்பம்” என்று திரும்பி வந்தார். அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதிய அதே பொறுமை. எனக்கு அந்தப் பொறுமையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

“நாலு பேரை வீட்டை கூப்பிட்டுக் காட்டுங்கோவன் அண்ணை, சீ!”

“வீட்டில சொன்னாக் கதை. மண்டபத்தில சொன்னாத்தான் சாட்சி.”

கடைசியாக என்னிடம் தட்டையும் சிவப்புக் கொப்பியையும் தந்தார். “நீ கவுன்சில்காரரோட சண்டை பிடிக்கிறனீ. உனக்கு மண்டபம் கிடைக்கும்” என்றார். நான் கேட்கவே இல்லை. வேலை, ஷிப்ட், அது இது. தட்டு அலுமாரிக்கு மேலே போனது.

அடக்கம் முடிந்த அடுத்த நாள் தட்டை இறக்கினேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு படமாகப் பிடித்துப் பார்த்தேன். பதினெட்டு. அந்தப் ‘பதினேழாவது மசூதி’யின் உள்பக்கம். சுவர் முழுவதும் ஓவியம்: மாட்டுத்தொழுவத்தில் குழந்தை, சிலுவை, இறுதித் தீர்ப்பு, பொன்வர்ணம் பூசிய சிறகுகளோடு சம்மனசுகள். அது கோயில். எங்கள் யேசுவின் கோயில். பாரசீகத்து அரசன் ஒருவன் ஆர்மீனியக் கிறிஸ்தவர்களின் ஊரை எரித்து, அவர்களை இஸ்ஃபஹானுக்குக் கொண்டுவந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடியிருத்தினான். அவர்கள் அங்கே கட்டிய கோயிலுக்கு வெளியே மசூதியின் உருவம், உள்ளே வேதாகமம். சிவப்புக் கொப்பியில் அண்ணை எழுதியிருந்தார்: ‘எரிச்சவனும் அவன்தான். இடம் குடுத்தவனும் அவன்தான். எங்களுக்கு முதலாவது மட்டும் வந்தது.’

ஒரு படம். ஒரே ஒரு படம் தள்ளியிருந்தால், சிரித்த வாய்கள் மூடியிருக்கும். இன்றைக்கும் பங்கில் அவர் பதினேழு மசூதி காட்டியவர்.

பத்தொன்பதிலிருந்து எழுபத்தொன்பது வரை மனிதர்கள். ஆர்மீனியச் சப்பாத்துக் கடைக்காரர், அவரோடு தேத்தண்ணி குடிக்கும் முஸ்லிம் பக்கத்துக் கடைக்காரர். பாலத்தின் அடியில் கண்ணை மூடிப் பாடும் ஒரு தடித்த மனிதர். நான் முன்னுக்கு எடுப்போம் என்று வாதாடிய படங்கள்.

எண்பதாவது படம் இஸ்ஃபஹான் அல்ல. ஒரு புகைப்படத்தைப் பிரதி எடுத்த படம். மன்னார்த் தீவில் ஒரு வீடு, அண்ணை லண்டனிலிருந்து அனுப்பிய காசில் அவருடைய தம்பி கட்டிய வீடு. சிறிய சுவருக்குப் பொருந்தாத ஒரு பெரிய தேக்குக் கதவு, மேலே ஆணியடித்த சிலுவை. கதவு முழுக்க ஒரு கொடி செதுக்கியிருக்கிறது. நிலைக்கு அளவாக்க அடியில் அறுத்திருக்கிறார்கள். அங்கே கொடி முறிகிறது.

றோசா அக்காவிடம் கொண்டுபோனேன். பார்க்காமலே என்னவென்று சொன்னார்.

“சந்தியில இருந்த முஸ்லிம் பெரியவர், காசிம் காக்கான்ர வீட்டுக் கதவு. கோயில் திருநாளுக்கு மாதா சுருவம் ஏத்தத் தன்ர லொறியைக் கழுவித் தாற மனிசன். அவை போனாப்பிறகு இவற்ர தம்பி கழட்டிக்கொண்டு வந்து பூட்டியிருக்கிறார். சும்மா விட்டாக் கறையான் திண்டிருக்கும் எண்டு எழுதினவர். இவர் கழட்டி வையெண்டு எழுதினார். அதோட தம்பி கடிதம் நிப்பாட்டிப்போட்டார்.”

“இதை மண்டபத்தில காட்டினா உங்கட குடும்பத்துக்கு...”

“வெக்கம்தான். காட்டு.”

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பவை: ஒரு வட்டத் தட்டு, ஒரு சிவப்புக் கொப்பி, கொடி முறிந்த இடத்தைத் தேடும் பழக்கம். மூன்றாவதை நான் கேட்கவில்லை, ஒட்டிக்கொண்டது. இப்போது தெருவில் நானும் நிற்கிறேன். எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

முப்பத்தோராம் நாள் அன்னதானம் அதே மண்டபத்தில். செபம் முடிந்தது. நான் புரொஜெக்டரை மேசையில் வைத்தேன். புது பல்ப். தட்டைப் பதினேழில் நிறுத்தினேன். குழாய் விளக்குகளின் வெளிச்சத்தில் சுவரில் ஒரு மங்கிய மண்ணிறம் மட்டும் தெரிந்தது. றோசா அக்கா வெள்ளைச் சேலையில் முதல் வரிசையில் தனியாக வந்து இருந்து, சுவரைப் பார்த்தார். மற்ற எல்லோரும் உணவு வரிசையில். பேணாட் அண்ணை அதே கதிரையில், கையில் சோற்றுத் தட்டோடு, சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்தார்.

“பேணாட் அண்ணை, லைற்றை நூருங்கோ” என்று விளக்கை அணைக்கச் சொன்னேன்.

உணவு வரிசை திரும்பிப் பார்த்தது. அவர் தட்டைப் பார்த்தார். சோற்றைப் பிசைந்தார். புரொஜெக்டரின் விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நான் உங்கள் எல்லோரையும் பார்த்து, இன்னும் உரக்கச் சொன்னேன்.

“லைற்றை நூருங்கோ.”